தோளுக்கு இரண்டு படம்

தோள்பட்டைக்கு எக்ஸ்ரே படம் என்று சீட்டோடு உள்ளே வருகிறவர் என்னிடம் முதலில் கேட்பது, "ஒண்ணு போதும்ல?" என்பதுதான். காசை நினைத்துக் கேட்பவர் பாதி, வலியை நினைத்துக் கேட்பவர் பாதி. கையைத் தூக்கச் சொல்லாதே, திருப்பச் சொல்லாதே, இப்படியே ஒன்று எடுத்து அனுப்பிவிடு என்பது அதன் உள்ளர்த்தம். நெஞ்சுக்கு என்றால் பெரும்பாலும் ஒன்று போதும். அடிபட்ட தோளுக்குப் போதாது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை தேய்ந்ததால் எழுதியும் வைக்கிறேன்.

எங்கள் ஊர் எழுமலை, மதுரை மாவட்டத்தின் மேற்கு ஓரம், பேரையூர் வட்டம். மலை பக்கத்தில் தெரியும். சுற்றிலும் மானாவாரிக் காடும் கிணற்றுத் தோட்டமும். இங்கே தோள் கெடுவதற்கு வழிகளுக்குப் பஞ்சமில்லை. தென்னையிலிருந்து விழுவார்கள், வரப்பில் வழுக்குவார்கள், உசிலம்பட்டி ரோட்டில் நாய் குறுக்கே ஓடி பைக்கோடு சாய்வார்கள். தை பிறந்துவிட்டால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று திமிலைப் பிடிக்கப் போன பையன்கள் வருவார்கள். பரோட்டா மாஸ்டர்கள் தனி ரகம். மாவை வீசி வீசி அடிக்கிற கை, நாற்பது வயதைத் தாண்டியதும் தலைக்கு மேல் எழும்ப மறுக்கும். மூட்டை தூக்குகிறவர்களுக்கும் அதே கதை. பெரிய அடி என்றால் 108 வண்டி நேராக உசிலம்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்கோ மதுரை பெரியாஸ்பத்திரிக்கோ கொண்டுபோய்விடும். மிச்சம் உள்ளவர்கள், அதாவது வலியோடு நடமாடக் கூடியவர்கள், எங்களிடம் வருகிறார்கள். அவர்களிலும் பாதிப் பேர் அதற்குள் எண்ணெய் போட்டு நீவிவிட்டு, உப்புப்புளிப் பற்றுப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். பற்று கெட்டியாகக் காய்ந்திருந்தால் படத்தில் திட்டுத் திட்டாக விழும். அதனால் முதல் வேலை வெந்நீரும் துண்டும்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று போனில் கேட்பார்கள். வேண்டாம். இட்லியோ, பழைய கஞ்சியோ சாப்பிட்டுவிட்டே வரலாம். ஊசி கிடையாது, மருந்து கிடையாது. சட்டையைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். பைக்குள் இருக்கும் செல்போன், சாவி, கழுத்துச் சங்கிலி, புஜத்துத் தாயத்து எல்லாம் வெளியே. பெண்களுக்குத் திறந்த முதுகு கவுன் ஒன்று கொடுப்போம், உடன் ஒரு பெண் உதவியாளர் இருப்பார். ஜாக்கெட் ஊக்கும் கொக்கியும் படத்தில் பளீரென்று விழுந்து, எலும்பில் விரிசல் இருக்கக்கூடிய இடத்தை மறைத்துக்கொள்ளும். தாலியைக் கழற்றச் சொல்லி நான் யாரையும் கேட்பதில்லை. மஞ்சள் கயிறானாலும் சங்கிலியானாலும் எதிர்த் தோளுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டால் போதும். அதற்காக வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுமதி கேட்டு நேரத்தைப் போக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்து வயசாளிகளிடம் வேறொரு சிக்கல் உண்டு, வேறு ஊர் எக்ஸ்ரேக்காரர்கள் இதைக் கண்டிருக்க மாட்டார்கள்: தண்டட்டி. காது வளர்த்த அப்பத்தாக்கள் வந்து நின்றால் அது தோள்வரை தொங்கும். நிற்கவைத்துப் படம் எடுத்தால் தோள்மூட்டுக்கு மேலே கட்டைகட்டையாக வெள்ளை விழுந்து, பார்க்க வேண்டிய மூட்டே தெரியாது.

"ஆத்தா, காதுல கிடக்குறதைக் கொஞ்சம் கழட்டணும்."

"எங்காத்தா போட்டுவிட்டது சாமி. கட்டையில போறப்பத்தான் கழட்டணும். நீ படத்தை எடு."

வாதாடிப் பயனில்லை. காதை மேலே தூக்கி, அவர்கள் தலையைச் சுற்றி அவர்கள் துண்டாலேயே கட்டிவிடுவேன். ஒரு அப்பத்தா கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மூச்சை அடக்கவே முடியவில்லை, படத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது தண்டட்டி போட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இளம்பெண் வந்தால் ஒரு கேள்வி கட்டாயம் கேட்டாக வேண்டும். "முழுகாம இருக்கியாம்மா?" கல்யாணமாகாத பிள்ளையாக இருந்தால், கூட வந்த அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்கள் உதவியாளர் அக்கா, "கடைசியா தலைக்குக் குளிச்சது எப்பம்மா?" என்று கேட்பார். தோளுக்கு எடுக்கும் கதிர் வயிற்றுக்குப் போவது மிகச் சொற்பம். ஆனாலும் கேட்பது முறை, ஈய ஏப்ரனை இடுப்பில் கட்டுவதும் முறை. இதில் கோபித்துக்கொண்டு சண்டைக்கு வந்த அப்பாக்களும் உண்டு.

அடுத்தது நிறுத்துவது. தோள்பட்டை எலும்பு முதுகில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். விலா எலும்புக் கூட்டின் வளைவில் அது சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் நேராக நிறுத்தி எடுத்தால் கையெலும்பின் பந்து, கிண்ணத்தின்மேல் ஏறிக்கொண்டதுபோல் ஒன்றன்மேல் ஒன்று விழும். மூட்டின் இடைவெளி தெரியாது. நோயாளியின் உடம்பை வலியுள்ள பக்கமாக 35 முதல் 45 டிகிரி திருப்பினால் இடைவெளி திறந்துகொள்ளும். கிராஷே என்ற ஜெர்மானியக் கதிரியல் மருத்துவரின் பெயரில் இந்தக் கோணம் இன்றும் வழங்குகிறது. நான் உங்களைச் சாய்த்துச் சாய்த்து நிறுத்தினால் எரிச்சல்படாதீர்கள், அந்த இடைவெளியைத்தான் தேடுகிறேன். உள்ளங்கை முன்னால் பார்க்கும்படி திருப்பச் சொன்னால் பந்தின் வெளிப்புற முண்டு பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும். கீழே விழுந்தவர்களுக்கு அது உடைவதும் உண்டு. புறங்கையைத் தொடையில் வைக்கச் சொன்னால் பந்தின் பின்பக்கம் பார்வைக்கு வரும்.

பிறகு நான் தடுப்புக்குப் பின்னால் போவேன். "மூச்சை அடக்குங்க" என்பேன். உள்ளே ஒரு சுழலும் சத்தம், ஒரு டிக். கண்ணுக்கு எதுவும் தெரியாது, தோலில் சூடும் தெரியாது. நொடியில் ஒரு பங்கு. "அவ்வளவுதானா?" என்பார்கள், ஏமாந்ததுபோல.

படம் எடுக்கும்போது தடுப்புக்குப் பின்னால் ஓடுகிற ஆள் எங்களை மட்டும் ஏன் உள்ளே நிற்கவைக்கிறான் என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தோள் படம் ஒன்றின் கதிர் அளவு சுமார் 0.01 மில்லி சீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் மூச்சில் இழுக்கும் காற்றிலிருந்தும் உலக மனிதர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் சேர்கிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் தோள் படம் ஒன்றிரண்டு நாள் சும்மா இருப்பதற்குச் சமம். எனக்கோ அது நாள் முழுக்க, வருஷம் முழுக்க. என் சட்டையில் குத்தியிருக்கும் சிறு பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கப் போகிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எங்களைப் போன்றவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட். படம் எடுத்து முடித்ததும் கதிர் நின்றுவிடும். உடம்பிலோ அறையிலோ எதுவும் தங்காது. குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா என்று கேட்கும் தாய்மாருக்கும் இதே பதில்: தாராளமாக.

இனி அந்த "ஒண்ணு போதும்ல" விஷயத்துக்கு வருகிறேன்.

தோட்டத்துக்காரர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். மோட்டார் ஸ்டார்ட்டரில் கை வைத்தபோது கரண்ட் அடித்துத் தூக்கி எறிந்திருக்கிறது. உயிர் பிழைத்ததே பெரிது என்று வீட்டில் தேங்காய் உடைத்தார்கள். தோள் வலிக்கு வேறோர் இடத்தில் முன்பக்கப் படம் ஒன்று எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது, சதைப் பிடிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்துவிட்டார்கள். எட்டாம் நாள் எங்களிடம் வந்தார். கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தார். எங்கள் டாக்டர் அந்தப் பழைய படத்தைப் பார்க்குமுன், "அண்ணே, கையை வெளிப்பக்கமாத் திருப்புங்க" என்றார். ஒரு இம்மிகூடத் திரும்பவில்லை. சீட்டில் 'ஒய் வியூ' என்று எழுதிக் கோடு கிழித்து அனுப்பினார்.

"ஏற்கனவே எடுத்தாச்சுய்யா, இந்தா இருக்கு படம்" என்று நீட்டினார் தோட்டத்துக்காரர். வாங்கிப் பார்த்தேன். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் பந்து கிண்ணத்துக்கு நேரேதான் இருந்தது. ஆனால் பந்து இருபுறமும் ஒரே அளவாக உருண்டு நின்றது. வழக்கமாக ஒருபுறம் தெரிய வேண்டிய முண்டு காணவில்லை. தொழிலில் இதை 'பல்ப் சைன்' என்பார்கள். கை உள்பக்கமாகத் திரும்பிச் சிக்கிக்கொண்டால் அப்படித் தெரியும்.

ஒய் வியூவுக்குக் கையைத் தூக்க வேண்டாம், கையைத் தாங்கும் பவுச்சைக்கூடக் கழற்ற வேண்டாம். நோயாளியைப் பலகை பக்கம் முகம் பார்க்க நிறுத்தி, அடிபட்ட தோள் பலகையில் படும்படி உடம்பைத் திருப்பினால், தோள்பட்டை எலும்பு பக்கவாட்டில் நிற்கும். அப்போது அது கவட்டைக் குச்சி மாதிரி தெரியும். இரண்டு கிளையும் தண்டும் சேருமிடத்தில் பந்து உட்கார்ந்திருந்தால் மூட்டு சரி. முன்னால் இருக்கிற கிளையின் கீழே போயிருந்தால் முன்பக்கமாக நழுவியிருக்கிறது. இவருக்குப் பின்னால் இருக்கிற கிளையின் கீழே இருந்தது. எட்டு நாளாக மூட்டு பின்பக்கம் நழுவியபடியே மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். மதுரைக்கு அனுப்பி, மயக்கம் கொடுத்துத்தான் உட்காரவைத்தார்கள்.

தோள் நழுவுவதில் பெரும்பகுதி முன்பக்கமாகத்தான். பின்பக்கம் நழுவுவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஆனால் அதில் பாதிவரை முதல் பார்வையில் தவறிப்போகிறது என்று எலும்புப் புத்தகங்களே எழுதுகின்றன. கரண்ட் அடித்தாலோ, வலிப்பு வந்தாலோ உடம்பின் எல்லாச் சதையும் ஒரே நேரத்தில் இறுகும். கையை உள்ளே திருப்பும் சதைகள் வெளியே திருப்பும் சதைகளைவிட வலுவானவை. அவை ஜெயித்து, பந்தைப் பின்னால் தள்ளிவிடுகின்றன. எங்கள் ஊரில் மோட்டார் இல்லாத தோட்டம் இல்லை. ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்டு அடிவாங்காதவரும் அரிது. கரண்ட் அடித்த பிறகு தோள் வலி என்றால் இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் முதலில் வர வேண்டும். நம்மூரில் அது கடைசியாகத்தான் வருகிறது.

முன்பக்கமாக நழுவியது ஒரே படத்தில் தெரிந்துவிடும். தோள் சப்பையாகி, மூட்டு கீழே இறங்கி நிற்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். அப்போதும் இரண்டாவது படம் தேவை. எங்கேயாவது சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் இழுத்து உட்காரவைக்கக் கூடாது. உட்காரவைத்த பிறகும் ஒன்று எடுத்துச் சரியா என்று பார்க்க வேண்டும். மாடுபிடிக்கிற பையன்களிடம் நான் கேட்பது, "இது எத்தனாவது தடவை தம்பி?" இருபது வயதுக்குள் ஒருமுறை நழுவிய தோள் மறுபடி நழுவ வாய்ப்பு அதிகம். நழுவும்போது பந்தின் பின்பக்கம் கிண்ணத்தின் விளிம்பில் மோதிப் பள்ளம் விழுந்திருக்கும். 1940-இல் ஹில், சாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்கக் கதிரியல் மருத்துவர்கள் அதை விவரமாக எழுதினார்கள். கையை உள்பக்கம் திருப்பி எடுத்தால் அந்தப் பள்ளம் தெரியும். அதைக் காட்டி, "அடுத்த தையில திமிலைப் பிடிக்காத" என்று டாக்டர் சொல்வார். தம்பி தலையாட்டுவான். அடுத்த மாசியில் மறுபடி வந்து நிற்பான்.

நான் தொழில் படித்தது மதுரை மருத்துவக் கல்லூரியில், பிலிம் காலத்தில். தமிழ்நாட்டு எக்ஸ்ரேக்காரர்களுக்குத் தாய்வீடு சென்னையில் 1934-இல் திறக்கப்பட்ட பர்னார்டு கதிரியல் நிலையம். எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அதன் பெயரைப் பயபக்தியோடுதான் சொல்வார்கள். ஊருக்கு வந்ததும் பக்தி எல்லாம் வோல்டேஜிடம் போயிற்று. தோட்டங்களுக்கு மும்முனைக் கரண்ட் விடும் நேரம் எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடும், எங்கள் மெஷின் மூச்சு வாங்கும், படம் வெளிறிப்போகும். அதனால் தோள், இடுப்பு போன்ற கனமான படங்களை மோட்டார் நின்ற பிறகு வைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் டெவலப்பர் சூடேறிப் படத்தில் புகை அடித்ததுபோல் விழும் என்று, ஐஸ் கட்டி வாங்கித் தொட்டியைச் சுற்றிப் போடுவோம். தீர்ந்துபோன ஃபிக்ஸரை வாங்க ஆட்கள் கேனோடு வருவார்கள். அதில் கரைந்திருக்கும் வெள்ளியைப் பிரிப்பது அவர்கள் பிழைப்பு. தோள் படம் அன்று எங்களுக்குப் பரீட்சை. கழுத்துப் பக்கம் சதை தடிமன், காறை எலும்பு முடியும் தோள்முனையில் வெறும் தோல். கழுத்துப் பக்கம் தெளிவாக வரும்படி எடுத்தால் தோள்முனை கருகிப்போகும். தோள்முனைக்கு ஏற்ப எடுத்தால் மூட்டு வெளிறும். இப்போது கம்ப்யூட்டர் இரண்டையும் சமன் செய்துவிடுகிறது. வசதிதான். ஆனால் கோணத்தை அது திருத்தித் தராது. தப்பாக நிறுத்தினால் தப்பான படம் அழகாக வரும்.

படத்தில் ஒன்றுமில்லை என்றால் கோபிக்கிறவர்கள் உண்டு. தலை பின்னக் கை எட்டவில்லை, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்று வருவார் ஒரு அம்மா. சர்க்கரை இருக்கும். படம் சுத்தமாக இருக்கும். "ஒண்ணுமில்லைன்னா எதுக்கு எடுத்தீங்க?" எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், கால்சியம் படிந்ததைக் காட்டும். மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போவதைக் காட்டாது. தோள் இறுக்கம் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் வரும், சர்க்கரைக்காரர்களைத் தேடி வரும். தேய்மானமும் இல்லை, எலும்பில் நோயும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் படம். அதன்பிறகு பிசியோதெரபிக்காரர் சொல்லும் பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும், அதுதான் வைத்தியம். மூட்டை தூக்குகிறவருக்குத் தசைநார் கிழிந்திருந்தாலும் படத்தில் நேராகத் தெரியாது. நாள்பட்டிருந்தால் மட்டும் பந்து மேலே ஏறி, அதற்கும் மேலுள்ள கூரை எலும்புக்கும் நடுவில் இடைவெளி ஏழு மில்லிமீட்டருக்கும் கீழே சுருங்கியிருக்கும். அதைப் பார்த்துத்தான் டாக்டர் ஸ்கேனுக்கு எழுதுவார்.

பதின்வயதுப் பிள்ளைகளின் படத்தைப் பார்த்துப் பெற்றோர் பதறுவதும் உண்டு. கையெலும்பின் மேல்முனையில் குறுக்காக ஒரு கோடு ஓடும். அது எலும்பு வளரும் இடம். வளர்ச்சி நிற்கும்வரை அப்படித்தான் இருக்கும். முறிவா என்று சந்தேகம் வந்தால் மறு தோளையும் எடுத்து ஒப்பிடுவார்கள்.

தோள் படத்தின் உள்பக்க ஓரத்தில் நுரையீரலின் மேல்முனையும் விழும். பீடி குடிக்கிற பெரியவர் ஒருவர் மாதக்கணக்கில் தோள் வலி, சுண்டுவிரல்வரை இழுக்கிறது என்று எண்ணெய் எண்ணெயாகத் தேய்த்துவிட்டு வந்தார். மூட்டில் ஒன்றுமில்லை. ஓரத்தில், கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரல் முனை, வெள்ளையாக இருந்தது. என்ன இருக்கிறது என்று நோயாளியிடம் சொல்வது என் வேலை இல்லை. படத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு நானே போனேன். மதுரையில் சோதித்து நுரையீரல் கட்டி என்றார்கள். பான்கோஸ்ட் என்ற அமெரிக்கரின் பெயரால் அழைக்கப்படும் கட்டி அது. அவரும் கதிரியல்காரர்தான். அந்த முனையைப் பார்க்காமல் எந்தத் தோள் படத்தையும் நான் உறைக்குள் போடுவதில்லை.

இன்னொன்று. இடது தோள் வலி, கூடவே வியர்வை, நெஞ்சில் பாரம் என்றால் என் அறைக்கு வராதீர்கள். முதலில் இ.சி.ஜி.

படத்தை வாங்கிப் போனவர்கள் செய்யும் காரியங்களும் எனக்குத் தெரியும். பைக் டாங்க் கவரில் வெயிலில் செருகி வைப்பார்கள், அடுப்பங்கரைப் பரணில் போடுவார்கள். இப்போதைய பிலிம் சூடு பட்டால் கறுத்துவிடும். அப்புறம் என்னிடம் வந்து, "என்னண்ணே, படம் கெட்டுப்போச்சு" என்பார்கள். டியூப்லைட் முன்னால் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து மதுரை டாக்டருக்கு அனுப்புகிறவர்களுக்கும் சொல்கிறேன்: மெல்லிய விரிசல் அதில் தெரியாது. சூரிய கிரகணத்தைப் பார்க்கவும் அது உதவாது, கண் போய்விடும்.

பழைய படத்தைத் தட்டையாக, நிழலில் வையுங்கள். அடுத்த முறை வரும்போது கொண்டுவாருங்கள். புதுப் படத்தைவிடச் சில நேரம் அதுதான் டாக்டருக்கு அதிகம் சொல்லும். கீழே விழுந்தோ, கரண்ட் அடித்தோ தோள் வலிக்கிறது என்று போனீர்களானால் சீட்டில் எத்தனை கோணம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கையைத் தூக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுப்பவரிடம் சொல்லுங்கள். பவுச்சைக் கழற்றாமலே எடுக்க வழி இருக்கிறது.